தமிழ்க்குமரன் ஆக்கிய சோறு

இரண்டு பேரை வரச் சொல்லியிருந்தார்கள். மூன்று பேர் போனார்கள்.

மூன்றாவது ஆள் செல்லப்பன், தமிழ்க்குமரனுடைய தாய்மாமன். சலவை வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு, கையில் ஒரு மஞ்சள் பையோடு வில்லியனூர் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தார். பைக்குள் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு பழம். அவர்கள் ஊரான செலியமேட்டில் எந்த வீட்டுப் புருஷன் பெண்டாட்டி தகராறைத் தீர்க்கப் போனாலும் அவர் இப்படித்தான் போவார். தாம்பூலம் வைக்காமல் எடுக்கிற பேச்சு வெறும் வம்பு என்பது அவர் கட்சி.

கவுன்சிலிங் அறை ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஒரு மேசை, நாலு நாற்காலி, சுற்றினாலும் காற்று வராத ஒரு ஃபேன். மேசைக்கு அந்தப் பக்கம் அருள்மொழி என்கிற அம்மா உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். செல்லப்பன் நேராகப் போய் மேசைமேல் வெற்றிலையைப் பரப்பி, பழத்தை வைத்துக் கும்பிட்டார்.

"என்னங்க ஐயா இதெல்லாம்?"

"தாம்பூலம்மா. எடுத்துக்கினு பஞ்சாயத்த ஆரம்பி."

"இது பஞ்சாயத்து இல்லீங்க ஐயா. கவுன்சிலிங்."

"புருஷனையும் பொண்டாட்டியையும் எதிரும் புதிருமா குந்த வெச்சி நடுவுல ஒரு ஆளு கேள்வி கேட்டா, அதுக்கு எங்க ஊருல வேற பேரு கெடையாதும்மா."

தமிழ்க்குமரன் சிரித்தான். அவனுக்கு நல்ல சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஜெயசுதா கல்யாணத்துக்குத் தலையாட்டினாள்.

"மேடம், மாமா அப்டித்தான். மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க. மாமா, நீ செத்த நேரம் வெளிய குந்து."

செல்லப்பன் போனார். தாம்பூலத்தை எடுத்துப் போகவில்லை. கதவை ஒட்டி மேல்படியிலேயே உட்கார்ந்து இருமினார். நான் இங்கேதான் இருக்கிறேன் என்கிற இருமல்.

ஜெயசுதா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். இந்த ஒரு மணி நேரத்துக்குள் அவள் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சொன்னால்தான் மகளைக் காப்பாற்ற வழி பிறக்கும். சொல்லிவிட்டு அதே புருஷனோடு, அவன் பைக்கில் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போகவும் வேண்டும்.

மகள் பெயர் அபிதா. நாலாவது படிக்கிறாள். அடுத்தடுத்து இரண்டு திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடப் பிரேயரில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தமில்லை. நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். ஒண்ணும் சாப்பிடல. முந்தாநாள்? ஒண்ணும் சாப்பிடல. பள்ளிக்கூடம் உள்ள நாளில் மதியச் சோற்றை மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள் என்று கூட வந்த டீச்சர் சொன்னார். வீட்டில் ஏன் சாப்பிடுவதில்லை என்று டாக்டர் கேட்டதும் பிள்ளை அப்பனைப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டது. குடும்பத்தோடு போய்ப் பேசுங்கள் என்று டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பிள்ளை ஏன் சாப்பிடவில்லை என்று ஜெயசுதாவுக்குத் தெரியும். தமிழ்க்குமரனுக்கும் தெரியும்.

அருள்மொழி முதலில் விவரம் சொன்னார். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம். வாரம் ஒரு தடவை, ஆறு எட்டு தடவை வர வேண்டியிருக்கும். முதலில் இரண்டு பேரும் சேர்ந்து பேசலாம், அப்புறம் தனித்தனியாக. இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது. யார் உயிருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் வெளியே சொல்லும்படி ஆகும். "ஆரம்பத்துல சண்டை கூடுன மாதிரி இருக்கும். மூடி வெச்சிருந்ததெல்லாம் வெளிய வரும். அதுக்குப் பயந்து நிறுத்திடக் கூடாது. ஒவ்வொரு வாரமும் வீட்டுல செய்ய ஒரு வேலை தருவேன்."

"வீட்டுப்பாடமா மேடம்?" தமிழ்க்குமரன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

"அப்படியும் வெச்சுக்கலாம்."

"குடுங்க மேடம், செஞ்சிடலாம்."

அவனை முதலில் பேசச் சொன்னார். அவன் பேசினான். அறுப்பு மெஷின் ஓட்டுகிறான். ஒரு காணி குத்தகை நிலம் உண்டு. குடிப்பதில்லை. பீடி சிகரெட் இல்லை. பெண்டாட்டி திருபுவனை கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள், விடியற்காலை பாகூரில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டித்தான் வருகிறாள். போகாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. உன் இஷ்டம் என்றுதான் சொல்லியிருக்கிறான்.

"பதினோரு வருஷத்துல நான் இவ மேல கை நீட்டுனது இல்ல மேடம். வேணும்னா கேளுங்க."

அருள்மொழி ஜெயசுதாவைப் பார்த்தார்.

"ஆமாங்க. அடிச்சதில்ல," என்றாள்.

அவன் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. அதுதான் அவளுக்குப் பயம். எழுதி வைத்தால் பழுதில்லாத ஆள்.

அருள்மொழி வீட்டுப்பாடம் சொன்னார். இந்த வாரத்தில் ஒரு நாள், ஒருத்தர் வேலையை மற்றவர் செய்ய வேண்டும். எதை எடுத்துக்கொள்வது என்று அவர்களே சொல்லலாம்.

"நான் சோறு ஆக்குறேன் மேடம்," என்றான் தமிழ்க்குமரன். யோசிக்கக்கூட இல்லை.

"ரொம்ப நல்ல ஐடியா. எப்பவாவது சமைச்சிருக்கீங்களா?"

"இதுவரைக்கும் இல்ல. மொத தடவை."

ஜெயசுதா கதவைப் பார்த்தாள்.

அப்புறம் தனித்தனி. அவன் பத்து நிமிஷம் பேசிவிட்டு வெளியே போனான். அவள் முறை வந்தது. கதவுக்கு வெளியே மாமனும் மருமகனும் பேசிச் சிரிப்பது கேட்டது. அருள்மொழி தன் நாற்காலியை இழுத்து ஜன்னல் ஓரம் போட்டுக்கொண்டு அவளையும் அங்கே வரச் சொன்னார். ஜன்னலில் லாரி சத்தம்.

அவள் கம்பெனி பஸ்ஸைப் பற்றிப் பேசினாள். ஓவர்டைம் பற்றிப் பேசினாள். மாட்டைப் பற்றிக்கூடப் பேசினாள். சொல்ல வந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அது சின்ன விஷயமாகத் தெரியும். அவளுக்கே அப்படித் தோன்றிய நாள்கள் உண்டு.

"அம்மா, வீட்டுல உங்களுக்கு எதுக்காவது பயமா இருக்கா?" அருள்மொழி கேட்டார்.

"பாட்டில்," என்றாள்.

"குடிக்கிறாரா?"

"இல்லீங்க. களை மருந்து பாட்டிலு. வயலுக்கு அடிக்கிறது. மாட்டுக் கொட்டாயில கூரை எறவாணத்துல சொருவி இருக்கும். எனக்கும் அவருக்கும் பேச்சு வந்துதுன்னா அத்த எடுத்தாந்து சோத்துப் பான பக்கத்துல வெப்பாரு. ஒண்ணும் பேச மாட்டாரு. மொதல்ல அவரு போட்டுக்கினு சாப்புடுவாரு. சாப்ட்டு முடிச்சிட்டு குந்திக்கினு எங்கள பாப்பாரு."

அருள்மொழியின் பேனா நின்றுவிட்டது.

"எத்தனை நாளா?"

"நான் கம்பெனிக்கு போவ சொல்லோ ஆரம்பிச்சது. ரெண்டு வருசம் ஆவுது. பொண்ணு ஒரு நாளு கேட்டுச்சு, இது எதுக்குப்பா சோத்துகிட்ட கீதுன்னு. உங்கம்மாவ கேளுன்னாரு. அன்னைக்கு வூட்டு சோத்த நிறுத்துனதுதான் அது."

"நீங்க சாப்பிடுறீங்களா?"

"சாப்புடுறேன். சாப்புடலன்னா எட்டு மணி நேரம் லைன்ல நிக்க முடியாதுங்களே."

"பாட்டில் திறந்திருக்கா?"

"போன மாசம் வரைக்கும் சீலு ஒடைக்கல. இப்ப ஒடைச்சிருக்கு. ரெண்டு விரக்கட கொறைஞ்சிருக்கு. கேட்டதுக்கு வரப்புல அடிச்சேன்னாரு. வரப்புல போயி பாத்தேன். புல்லு பச்சையா நிக்குது."

அருள்மொழி பேனாவை மூடி வைத்தார்.

"நீங்க இன்னைக்கு வீட்டுக்குப் போக வேணாம். நான் தங்குறதுக்கு ஏற்பாடு பண்றேன்."

"பொண்ணு ஊருல இருக்குதுங்க. பக்கத்து வூட்டு தேவி அக்காகிட்ட வுட்டுட்டு வந்தேன்."

"அப்ப அவர்கிட்ட நான் இதைப் பேசட்டுமா?"

"ஐயோ வோணாம்!" அவள் அருள்மொழியின் கையைப் பிடித்தாள். "நாளைக்கு காலைல நாலு மணிக்கு மெஷினோட பண்ருட்டி பக்கம் போறாரு. மூணு நாள் வர மாட்டாரு. அவரு தல மறைஞ்சதும் பொண்ண கூட்டிக்கினு போயிடுறேன். அதுவரைக்கும் நான் சொன்னது அவருக்கு தெரியக் கூடாது. ஒரு ராத்திரிதாங்க."

அருள்மொழி ஒப்புக்கொண்டார். பகல் ஒரு மணிவரை அவருக்கு வேறு ஆள்கள் வருவார்கள், சாயங்காலம் போன் பண்ணுகிறேன் என்று தன் நம்பரைக் கொடுத்தார்.

தமிழ்க்குமரனை உள்ளே கூப்பிட்டார்கள். கூடவே செல்லப்பனும் நுழைந்தார். பாட்டிலைப் பற்றி அருள்மொழி வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"தமிழ்க்குமரன், அந்தச் சமையல் வேண்டாம். அதுக்குப் பதிலா ஒரு நாள் பொண்ண பள்ளிக்கூடத்துல கொண்டு போய் விட்டு, கூட்டிட்டு வாங்க."

தமிழ்க்குமரன் அருள்மொழியைப் பார்த்தான். பிறகு ஜெயசுதாவைப் பார்த்தான். ஒரு மரத்தை வெட்டுவதற்கு முன்னால் அது எந்தப் பக்கம் சாயும் என்று பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அவனுக்கு அது போதும்.

"அரை மணி நேரம் முன்னால நல்ல ஐடியான்னீங்களே மேடம்."

"பொண்ணுகூட உங்களுக்கு நேரம் கிடைக்கட்டும்னுதான்."

"செரிங்க மேடம்." சிரித்தான்.

செல்லப்பனுக்கு அவசரம். "தீர்ப்பு இன்னாம்மா?"

"தீர்ப்பெல்லாம் இங்க கிடையாதுங்க ஐயா. யார் மேல தப்புன்னு நாங்க சொல்றதில்ல. அடுத்த சனிக்கிழமை ரெண்டு பேரும் வரணும்."

"யாரு மேலயும் தப்பு இல்ல. அப்டித்தான?"

"அப்படி இல்லீங்க ஐயா, தப்பு யாருதுன்னு பாக்கறது எங்க வேலை..."

"போதும்மா. அந்த ஒரு வார்த்த போதும்." செல்லப்பன் கும்பிட்டுவிட்டார்.

அவர் ஊர் வழக்கில் சபை தப்புச் சொல்லவில்லை என்றால் பிராது தள்ளுபடி. பிராது கொண்டு வந்தவர் அதோடு வாயைக் கட்ட வேண்டும். திரும்ப அந்தப் பேச்சை எடுத்தால் பிறகு அவருக்காக எந்த வீட்டு ஆளும் வந்து நிற்க மாட்டார்கள். சபை கலைந்த அன்றே ஒரே பானைச் சோற்றை இரண்டு தரப்பும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பஞ்சாயத்து செய்த பெரியவர்தான் முதல் கவளம் எடுக்க வேண்டும். அதோடு முடிந்தது. அறுபது வருஷமாகச் செல்லப்பன் பார்த்த முறை இது. மாடிப்படி இறங்கும்போதே சொல்லிவிட்டார்.

"இன்னைக்கே ஒரு பான சோறு. தள்ளிப்போடக் கூடாது."

"நானே ஆக்குறேன் மாமா. மேடம் குடுத்த வீட்டுப்பாடம்."

"அத்தத்தான் மாத்திட்டாங்களே," என்றாள் ஜெயசுதா. குரல் அவளை மீறிக் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

தமிழ்க்குமரன் பைக் சாவியை விரலில் சுற்றினான். "ஏன் மாத்துனாங்க சுதா? உனக்கு தெரியுமா?"

அவள் வண்டியில் ஏற முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"நானும் அதத்தான் யோசிக்கிறேன்." அவன் வண்டியை உதைத்தான். "மாமா, நான் முன்னால போயி கறி வாங்கிக்கினு உலைய வெக்கிறேன். நீ இவள பஸ்ல கூட்டியா."

பாகூர் பஸ் இருபது நிமிஷம் கழித்து வந்தது. ஏறியதும் அவள் தேவி அக்காவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. அருள்மொழிக்குப் போட்டாள். முழுதாக அடித்து நின்றது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. கரிக்கலாம்பாக்கத்தில் ரோட்டுக்கு நடுவில் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். பஸ் நின்றது.

பக்கத்து சீட்டில் செல்லப்பன் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். இவரை விட்டால் ஆள் இல்லை. புருஷனின் மாமன் அவளுக்குப் பெரியப்பா முறை.

"பெரியப்பா."

"சொல்லும்மா."

"அவரு சோத்துப் பான பக்கத்துல களை மருந்து வெக்கிறாரு."

செல்லப்பன் வெற்றிலையை வாயில் போட்டு மென்றார். "எங்க வூட்டுல கட்டிலுக்கு கீழவே கீது. பயிர் வெக்கிறவன் வூட்டுல மருந்து இல்லாம மல்லியப்பூவா இருக்கும்?"

"பேச்சு வந்தாத்தான் எடுத்தாந்து வெக்கிறாரு. பயமுறுத்துறதுக்கு வெக்கிறாரு பெரியப்பா. அதனாலதான் பொண்ணு சாப்புட மாட்டேங்குது."

"வெச்சான். ஊத்துனானா?"

சீல் உடைந்ததைச் சொல்ல அவள் வாயெடுத்தாள், அவர் கையமர்த்தினார்.

"சபையில தீந்துபோனத பஸ்ல எடுக்காதம்மா. கேக்குறவன் சிரிப்பான்."

போன் அடித்தது. தேவி அக்கா.

"அக்கா, அபிதாவ அனுப்பாத. நான் வர்றவரைக்கும் உன்கிட்டவே வெச்சிக்க. யாரு வந்து கேட்டாலும்..."

"இன்னாடி நீ, இப்பதான உங்க வூட்டுக்காரரு வந்து கூட்டிக்கினு போனாரு. அப்பா சோறாக்குறேன் வாடின்னு தோள்மேல தூக்கி வெச்சிக்கினு போனாரு. ஊரே பாக்குது. குடுத்து வெச்சவ நீ."

பஸ் பள்ளத்தைத் தாண்ட ஒரு மணி நேரம் ஆனது. மீதி வழியெல்லாம் ஜெயசுதா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி இருந்தாள். செல்லப்பன் தூங்கினார்.

வீட்டு வாசலிலேயே கறிக்குழம்பு வாசனை. உள்ளே நாலு இலை போட்டிருந்தது. ஒரு இலைக்கு முன்னால் அபிதா உட்கார்ந்திருந்தாள். தலை சீவி, பவுடர் பூசி, புது கவுன் மாட்டியிருந்தது. எல்லாம் அவன் செய்தது. பிள்ளை கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தது. அம்மாவைப் பார்த்தது. எழுந்து வரவில்லை.

தமிழ்க்குமரன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சோற்றுப் பானையைத் தூக்கிவந்து நடுவில் வைத்தான்.

ஜெயசுதா அடுப்படிக்குப் போனாள். பானை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் பாட்டில் இல்லை. பின்பக்கம் மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். இறவாணத்தில் செருகியிருக்கும் இடத்தில் கையை விட்டாள். இல்லை. குனிந்து வைக்கோலைத் தள்ளிப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் அந்தப் பாட்டில் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாத நாள் இல்லை. அடுப்படியில் இல்லாவிட்டால் கொட்டகையில் இருக்கும். இன்றைக்கு இரண்டு இடத்திலும் இல்லை.

திரும்பினாள். பின்வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

"இன்னா தேடுற?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப வா. சோறு ஆறுது."

உட்கார்ந்தார்கள். அவன்தான் பரிமாறினான். முதலில் மாமனுக்கு, பிறகு பிள்ளைக்கு, பிறகு அவளுக்கு, கடைசியில் தன் இலைக்கு. குழம்பை ஊற்றினான். தினமும் முதலில் சாப்பிடுகிற ஆள், இன்று கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"பெரியவரு ஆரம்பிக்கணும். எடு மாமா."

செல்லப்பனுக்குச் சந்தோஷம். "ஆம்பள ஆக்குன சோறு. உப்பு ஒறப்பு எப்டி இருந்தாலும் கொற சொல்லக் கூடாது, தெரியுதா அபிதா?" என்று சொல்லிச் சோற்றைப் பிசைந்தார்.

"பெரியப்பா, இரு."

அவர் பிசைந்துகொண்டே நிமிர்ந்தார்.

"பாட்டிலு அதோட எடத்துல இல்ல. எங்கயும் இல்ல."

"இன்னாம்மா நீ. தீந்த பேச்ச எடுக்காதன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்ன பெரியப்பா. தப்புதான். தெண்டம் போடு, தள்ளி வெய்யி. ஆனா அந்த சோத்த வாயில வெக்காத."

செல்லப்பன் முகம் கடுத்தது. வேண்டுமென்றே பெரிய கவளமாக உருட்டினார். எடுத்தார். கை நெஞ்சு வரை வந்தது. அப்போதுதான் மருமகன் முகத்தைப் பார்த்தார். தமிழ்க்குமரன் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தை அல்ல. கையை.

கை அங்கேயே நின்றது.

"எங்கடா அந்த மருந்து?"

"எந்த மருந்து மாமா?"

"நீ மொதல்ல எடுடா."

"பெரியவரு நீ எடுக்காம நான் எடுக்கலாமா? மொறை இன்னா ஆவறது?"

"எடுறான்றேன்."

"இன்னா மாமா, சந்தேகமா? இவ சொன்னான்னா?"

கவளத்தில் இருந்து குழம்பு வழிந்து மணிக்கட்டுக்கு வந்தது. எழுபத்து மூன்று வயசு. நாற்பது வருஷம் கரும்பு வெட்டிய கை. விரல்கள் விரிந்தன. சோறு இலையில் விழுந்தது.

"எனக்கு வயிறு செரி இல்லடா," என்றார்.

தமிழ்க்குமரன் தன் இலையை இழுத்து வைத்துக்கொண்டான். பிசைந்தான். சாப்பிட்டான். ஒரு கவளம், இரண்டாவது கவளம், மூன்றாவது. எலும்பைக் கடித்து உறிஞ்சினான். பிள்ளை கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் விழுங்கிவிட்டு, விரலை நக்கிவிட்டு, மாமனைப் பார்த்துச் சிரித்தான்.

"பாத்தியா. இன்னைக்கு ஒண்ணும் இல்ல மாமா."

இன்னைக்கு என்ற அந்தச் சொல் மூன்று பேருக்கும் கேட்டது. செல்லப்பன் கழுவாத கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பொண்ண தூக்கு," என்றார் ஜெயசுதாவிடம். அவனைப் பார்க்காமலே சொன்னார்.

அவள் அபிதாவைத் தூக்கினாள். ஒன்பது வயசுப் பிள்ளை, ஐந்து வயசுப் பிள்ளையின் கனம்.

"தண்ணி வெச்சிட்டு போ சுதா," என்றான் அவன், சாப்பாட்டிலிருந்து தலை நிமிராமல்.

அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே சொம்பில் தண்ணீர் மொண்டு அவன் இலைக்கு வலப்பக்கம் வைத்தாள். வைத்த பிறகுதான் வைத்தோம் என்று தெரிந்தது. பதினோரு வருஷப் பழக்கம். செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே வந்தாள்.

வெயில் நெற்றியில் அடித்தது. செல்லப்பன் முன்னால் வேகமாக நடந்தார். எதிரில் சைக்கிளில் வந்தவர் காலை ஊன்றி நின்றார். "இன்னா மாமா, சாப்டாச்சா?"

அன்றாடம் பத்துப் பேர் கேட்கிற கேள்வி. செல்லப்பன் கழுவாத கையைத் துண்டுக்குள் மறைத்தார். அப்படியே தாண்டிப் போனார்.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. போன் அடித்தது. அருள்மொழி. ஜெயசுதா நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னாள்.

"சமையலை மாத்தினது என் தப்புமா. அதுலதான் அவருக்குத் தெரிஞ்சிடுச்சு."

"இப்ப இன்னா பண்றதுங்க? எங்கம்மா வூட்டுக்கு பஸ் ஏறப்போறேன்."

"அங்க போகாதீங்க. அந்த வீடு அவருக்குத் தெரியும். நேரா வில்லியனூர் வாங்க. நான் பஸ் ஸ்டாப்புக்கே வந்து நிக்கிறேன். அங்கருந்து போலீஸுக்குப் போய் எழுதிக் குடுப்போம். தங்குற எடத்தை யாருகிட்டயும் சொல்லாதீங்க. அந்தப் பெரியவர்கிட்டயும்."

செல்லப்பன் கொஞ்சம் தள்ளி நின்று அவர்கள் வந்த தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே போகப்போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. பஸ் வந்தபோது பிள்ளையைத் தூக்கிப் படியில் விட்டார்.

"நான் போயி அவன் வாசல்ல குந்திக்கிறேன். வண்டிய எடுக்க வுட மாட்டேன்," என்றார். அவரால் அவனைத் தடுக்க முடியாது என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பஸ் நகர்ந்தது. கண்டக்டர் எங்கே என்று கேட்டார். வில்லியனூருக்கு ஒண்ணரை டிக்கெட் என்றாள். அபிதா மடியில் உட்கார்ந்து அம்மாவின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஏரிக்கரை கடந்ததும் முதல் தடவையாகப் பேசினாள்.

"நம்ம போற வூட்டுல யாரும்மா சோறு ஆக்குவாங்க?"

"தெரியலடி."

"அப்பாவுக்கு அந்த வூடு தெரியுமா?"

ஜெயசுதா கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ரோட்டில் புழுதி. புழுதிக்குள் இரண்டு பைக் வந்துகொண்டிருந்தன. ஒன்று பால்காரனுடையது. இன்னொன்றில் யார் என்று தெரியவில்லை.